கம்பளிக்கு ஒரு மார்க், சாரத்துக்குப் பத்து

தானம் கொடுக்கும் பொருள்களுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லப் போகிறேன், முதலில் கம்பளியை முடித்துவிடுகிறேன். திருநெல்வேலியில் தெருவில் படுப்பவர்களுக்கு நம் ஆட்கள் அதிகம் வாங்கிக் கொடுப்பதும் அதுதான், அதிகம் வீணாவதும் அதுதான். டெல்லிக் குளிரில் பிளாட்பாரத்தில் படுத்தவர்கள் செத்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, ஜங்ஷனில் வந்து கம்பளி போர்த்துகிறார்கள். மார்கழி ராத்திரியில்கூட இங்கே 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த மாதங்களில் நமக்கு வருவது மழை. மலிவு விலைக் கம்பளி பெரும்பாலும் பானிபட்டில் பழைய துணியைக் கிழித்து நூலாக்கி நெய்தது. ஒரு தடவை நனைந்தால் தூக்க முடியாத கனம் கனக்கும், இரண்டு வெயில் பட்டாலும் காயாது, அப்புறம் நாறும், அப்புறம் அரிக்கும். கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போன மறுவாரம் அதே கம்பளி வேப்பமரத்தடியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு ஒரு மார்க். அந்த ஒன்றும், சிலர் அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்காக.

நான் ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் ராத்திரி கடை அடைக்கும்வரை நிற்கிறவன். ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் எங்கள் படியில் ஆட்கள் படுக்க வந்துவிடுவார்கள். சிலருக்கு வருடக்கணக்காக அதே இடம். நானும் நண்பர்கள் நாலைந்து பேரும் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, இவர்களுக்கு வேண்டியதை வாங்குகிறோம். எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று பயன்படுத்தியவர்களிடமே கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்க இருநூறு பேர் எழுதியதைப் படிக்கிறோம். தெருவில் இருப்பவருக்கு வாங்கும்போது மட்டும் யாரும் எதையும் படிப்பதில்லை, கேட்பதும் இல்லை.

எங்கள் படி ஆச்சி ஒருத்தி உண்டு. களக்காட்டுப் பக்கத்து ஊர். யாரோ கொடுத்த பெரிய கம்பளியை அவள் என்னிடம் தூக்கிக் காட்டி, "எய்யா, விடிஞ்சா இதத் தூக்கிட்டு நான் எங்கன போவேன்?" என்றாள். அன்றிலிருந்து எந்தப் பொருளை வாங்கினாலும் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. காலை நாலரை, ஐந்து மணிக்குள் பால் வண்டி வந்துவிடும், பூக்காரர்கள் வந்துவிடுவார்கள், தெருக் கூட்டுகிறவர்கள் வருவார்கள், அப்புறம் கடைக்காரர். அதற்குள் எழும்பி இடத்தைக் காலி செய்ய வேண்டும். பகலில் மூட்டையை வைக்க இடம் கிடையாது. ஓரமாக வைத்துவிட்டுப் போனால் குப்பை என்று வண்டியில் ஏறிவிடும். பளபளவென்று இருந்தால் ராத்திரியே திருடு போய்விடும். ஆகவே பொருள் கனக்கக் கூடாது, மடங்க வேண்டும், திருடத் தூண்டக் கூடாது. இந்த மூன்றிலும் தேறாத எதற்கும் நான் நல்ல மார்க் போடமாட்டேன்.

சாரம் மூன்றிலும் தேறுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு லுங்கி. கட்டம் போட்ட பருத்திச் சாரம் ஒன்று ரூ.200-க்குள் கிடைக்கும், மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும். உடுத்தலாம், போர்த்தலாம், கொசுவுக்குத் தலைவரை இழுத்து மூடலாம், குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு மாற்றிக்கொள்ளலாம், நான்கு முனையையும் முடிந்தால் மூட்டை. அரைமணி வெயிலில் காய்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்ததை வாங்காதீர்கள். வியர்வை இழுக்காது, அக்குள், தொடை இடுக்கெல்லாம் படர்தாமரை வரும். களிம்பு விற்பவன் நான்தான், எனக்குத் தெரியும். வெள்ளை வேட்டியும் வேண்டாம், ஒரே நாளில் அழுக்கேறி ஆளையே இன்னும் கேவலமாகக் காட்டும். கரும்பச்சை, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம் எடுங்கள். கூடவே ஒரு ஈரிழைத் துண்டு. பத்துக்குப் பத்து.

பாய் விஷயத்தில் நம் ஊர்ப் பெருமை கொஞ்சம் குறுக்கே வருகிறது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு வாங்கிய பாய், எனக்கும் பிடிக்கும், என் வீட்டிலும் உண்டு. தெருவுக்கு ஆகாது. கோரைப்பாயைச் சுருட்டத்தான் முடியும், மடித்தால் முறியும். நாலடி நீளச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வயசாளி எவ்வளவு தூரம் நடப்பார்? மழையில் பூஞ்சணம் வேறு. மடக்குகிற பிளாஸ்டிக் பாய் பரவாயில்லை, சித்திரை வைகாசியில் முதுகு வெந்துவிடும், மேலே துணி விரித்தால் சமாளிக்கலாம்.

ஆனால் தெரு ஆட்களே தேர்ந்தெடுத்த பாய் வேறு. பிளக்ஸ். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் என்று இந்த ஊரில் கட்டாத பிளக்ஸ் கிடையாது. தண்ணீர் ஏறாது, கனமில்லை, எட்டாக மடங்கும், திருட யாரும் வரமாட்டார்கள். எங்கள் தெருமுனைப் பாட்டையா ஒருவர் போன தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளரின் மேல்தான் தினமும் படுக்கிறார். "ஜெயிச்சாரா பாட்டையா?" என்று கேட்டால் "எனக்கு ஜெயிச்சாரு" என்கிறார். தெரிந்த பிளக்ஸ் கடையில் தப்பாக அச்சானதைக் கேட்டு வாங்கி, ஆறடிக்கு நாலடியாக வெட்டி, ஓரத்தை ஒரு டெய்லரிடம் மடித்துத் தைத்தோம். செலவு தையல்கூலி மட்டும். அச்சுப் பக்கம் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் மை வியர்வையில் ஒட்டும். நான் எழுதிய எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யலாம்.

கொசு. சுருள் கொடுக்காதீர்கள். ஆனி ஆடிக் காற்றில் புகை ஒரு பக்கம் போகும், கொசு இன்னொரு பக்கம் வரும்; பிளக்ஸ் பக்கத்தில் தீ வைத்திருப்பதும் ஆபத்து. கொசுவலையை நான்கு மூலையில் கட்ட அவர்களுக்கு ஏது நான்கு மூலை? தடவுகிற கிரீம் சிறு பாக்கெட்டாக, விலை பத்து ரூபாய்ச் சுற்றில் வருகிறது, அதுதான் நன்றாகப் போகிறது. ராத்திரி முழுக்கத் தாங்காது, தூங்கிவிடும்வரை தாங்கும். கை கழுவாமல் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

செருப்புக்கு அளவு கேட்காமல் எட்டாம் நம்பரை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறார்கள். சர்க்கரை இருப்பவர் சிலருக்கும் தொழுநோய் வந்து குணமானவர் பலருக்கும் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. கத்திரி வெயிலில் தார்ரோட்டில் நடந்து பாதம் பொத்துப்போனது சாயங்காலம்தான் அவருக்கே தெரியும். விரலிடுக்கில் மாட்டும் ரப்பர் செருப்பு அந்தக் காலில் நிற்காமல் கழன்று விழும், விழுந்ததும் தெரியாது. இவர்களுக்குப் பின்பக்கம் பட்டை வைத்த, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு வேண்டும். தொழுநோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரி வழியாக இலவசமாகவே தருகிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தருவதுதான் நம் வேலை, பணம்கூடத் தேவையில்லை. மழைக்காலத்தில் சேற்றுப்புண்ணுக்கு ஒரு களிம்பும், காலைத் துடைக்க ஒரு பழைய துணியும் போதும். நல்ல தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தால் மறுநாள் அது வேறொருவர் காலில் இருக்கும்.

பெண்களுக்குக் கொடுப்பதில் நாம் ரொம்பப் பின்தங்கியிருக்கிறோம். பழைய பட்டுச்சேலையைக்கூடக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், உள்ளாடையும் நாப்கினும் யாரும் தருவதில்லை. என் மனைவி கடைக்கு வந்தபோது ஆச்சி அவளிடம்தான் கேட்டாள், என்னிடம் கேட்டதே இல்லை. உள்பக்கம் பை தைத்த பாவாடை வேண்டுமாம். முந்தானையில் முடிந்த காசைத் தூக்கத்தில் அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். டெய்லரிடம் சொல்லி இடுப்புக்குக் கீழே கையகலப் பை ஒன்று வைத்துத் தைத்தோம். அதைப் பார்த்துவிட்டு டவுன் கோயில் வாசலில் உட்காரும் பெண்கள் கேட்டு அனுப்பினார்கள். கூடவே சில்லறை கொடுங்கள். கட்டணக் கழிப்பிடத்தில் ஒவ்வொரு தடவையும் காசு. காசு மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்து, நீர்க்கடுப்பு மாத்திரை கேட்டு எங்கள் கடைக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். பிச்சை போட்டால் பழக்கமாகிவிடும் என்று வாதம் செய்கிறவர்கள் இந்தப் பத்து ரூபாயைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

சாப்பாட்டுப் பொட்டலம் பற்றிச் சுருக்கமாக. அமாவாசையும் பிறந்தநாளும் ஒரே நாளில் விழுந்தால் ஒரு ஆளுக்கு நாலு பொட்டலம், மறுநாள் ஒன்றும் இல்லை. எல்லாம் மதியமே வரும். கோயில் அன்னதானமும் மதியம்தான். பசி ராத்திரியில். பல்லில்லாதவருக்குப் பிரியாணி, சர்க்கரை இருப்பவருக்குச் சர்க்கரைப் பொங்கல். ரயில் ஏறப் போகிறவர்கள் பிரியத்தில் அல்வாவைப் பிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பாட்டையாவுக்கு மனசு வரும்? அம்மா உணவகத்தில் இட்லி ரூ.1, சாம்பார் சாதம் ரூ.5, தயிர்ச் சாதம் ரூ.3. அந்த விலைக்கு அது நல்ல கடை, குறை சொல்லமாட்டேன், ராத்திரிச் சாப்பாடு அங்கே எதிர்பார்க்க முடியாது என்பதைத் தவிர. நாங்கள் ஒரு இட்லிக்கடை அக்காவிடம் மாதம் முன்பணம் கட்டி வைத்திருக்கிறோம். ராத்திரி எட்டரைக்கு மேல் போய் உட்கார்ந்தால் இலை போடுவாள், கணக்கு நோட்டில் கோடு போட்டுக்கொள்வாள். உட்கார்ந்து, வேண்டிய சட்னியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். பொட்டலத்துக்கு ஆகும் செலவில் பாதிதான்.

இனி, நான் அதிக மார்க் போடும் இன்னொரு பொருள். ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறை. ஸ்டேஷனரிக் கடையில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வாங்குவார்களே, அதுதான். ஆதார், வங்கிப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் அட்டை இருந்தால் அது. கழுத்தில் மாட்டக் கயிறு கட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

இதன் அருமை 2023 டிசம்பர் 17, 18-ல் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் புகுந்தது. படியில் படுத்தவர்கள் மேடு பார்த்து ஓடினார்கள், உயிர் தப்பியது, மூட்டை போனது. பிறகு அரசு வெள்ள நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதித்த தாலுகாக்களில் ரூ.6,000. ரேஷன் அட்டைக்குத்தான். அட்டையே இல்லாதவர் அந்த வரிசையில் எங்கே நிற்பார்? அட்டை இருந்தும் ஆற்றோடு விட்டவர்கள் ஆபீஸ் ஆபீசாக அலைந்தார்கள். மாதம் ரூ.1,200 முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கும் வங்கிப் புத்தகம் நனைந்தால் பெரும்பாடு. ஐம்பது ரூபாய் உறை. கொடுக்கும்போது ஆதாரை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அவர் சம்மதித்தால் நம்மிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.

சேவைகளுக்கு வருகிறேன். 108 ஆம்புலன்ஸ், நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது, ஆள் அழுக்காக இருக்கிறார் என்று முகம் சுளித்ததில்லை. சிக்கல் அதற்கு அப்புறம். கூட இருக்க ஆள் இல்லாத நோயாளியை ஆஸ்பத்திரியில் எழுப்பிச் சாப்பிட வைக்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக யாரும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் படிக்காரர் ஒருவரை மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். அவரே போகிறேன் என்று சொன்னாராம். போர்வை வாங்கும் காசை மிச்சம் பிடித்து, இரண்டு நாள் லீவு போட்டு ஒருவருக்குத் துணையிருங்கள். அதைவிடப் பெரிய தானம் எனக்குத் தெரியவில்லை.

புத்தி பேதலித்துத் தெருவில் அலைபவர்களைப் பார்த்தால் மக்கள் விலகிப் போகிறார்கள், இல்லாவிட்டால் பஸ் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலைபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் போய் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறுகிறது. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தை என்றால் 1098. போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

வீடற்றோர் தங்கும் இல்லத்துக்கு நடுத்தர மார்க். 2024-ல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் கணக்கில் இடம் இருந்திருக்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி, வருடம் முழுக்க, 24 மணி நேரமும். நம் மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-லேயே 4.73 லட்சம். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைக் கேளுங்கள். நான் ஒரு இல்லத்துக்கு அழைத்துப் போனவர்களில் இருந்தவர்களும் உண்டு, மறுநாளே திரும்பியவர்களும் உண்டு. தங்கியவர்களுக்கு ராத்திரி பயமில்லாத தூக்கமே பெரிய விஷயம். திரும்பியவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். நயினார்குளம் மார்க்கெட்டில் விடியவிடிய மூட்டை இறக்குகிறவருக்குப் பகலில்தான் தூக்கம். புருஷன் பெண்டாட்டியாக இருப்பவர்கள் தனித்தனி இல்லத்துக்குப் போகமாட்டோம் என்கிறார்கள். பாட்டையாவுக்கு அவருடைய நாய். நாயை உள்ளே விடாத இடத்துக்கு நான் மட்டும் எதுக்குலே என்றார். எனக்கும் பதில் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். என் அம்மாவுக்கு வருகிறது, அருமையான திட்டம், மாதம் தவறுவதில்லை. வீட்டுக் கதவு உள்ளவர்களுக்கு முழு மார்க்.

கதவு இல்லாதவர் இன்சுலின் போடுகிறவராக இருந்தால் பாடு இன்னும் மோசம். ஊசி மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எங்கே வைப்பது? திறந்த குப்பி 25, 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நாலு வாரம் தாங்கும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி. மூட்டைக்குள் கிடந்து வெந்துபோன மருந்தைப் போட்டுவிட்டு, ஊசி போட்டும் சர்க்கரை இறங்கலையே என்று வந்து நிற்பார்கள். எங்கள் முதலாளி கடை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டை இவர்களுக்கு ஒதுக்கிவிட்டார். குப்பியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். காலையும் சாயங்காலமும் வந்து போட்டுக்கொண்டு, பக்கத்து டீக்கடையில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். போன் சார்ஜ் போடவும் ஒரு பிளக் விட்டிருக்கிறோம். தபால் வர எங்கள் கடை முகவரியைக் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். ஒருவருக்கு வங்கிக் கடிதம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. செலவு கிடையாது. வியாபாரமும் கெடவில்லை, சொல்லப்போனால் ராத்திரி கடைக்குக் காவல் கூடியிருக்கிறது.

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் படுக்கும் இரண்டு பேர் இதற்காக ஜங்ஷன்வரை நடந்து வருகிறார்கள். ஒருவருக்குக் காலில் புண். அந்த பஸ் ஸ்டாண்டு இருக்கும் வேய்ந்தான்குளம் பக்கம் மருந்துக்கடையோ, பால் வைக்கும் பெட்டிக்கடையோ வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு தர முடியுமா? மருந்தை நானே கொண்டுவந்து வைத்து, எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போகிறேன். பனிக்கட்டி அறைக்குள் மட்டும் வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து வீண்.